கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

டீயைக் குடித்து முடித்தீர்களா? அந்தக் கோப்பையைக் கொஞ்சம் கவிழ்த்துப் பாருங்கள். எவர்சில்வர் டம்ளர் ஆகாது, கண்ணாடி கிளாஸும் ஆகாது, பீங்கான் கோப்பையாக இருக்க வேண்டும். மேலெல்லாம் வழவழவென்று பளபளக்கும். அடியில், மேசைமேல் உட்காருகிற இடத்தில் மட்டும், ஒரு மெல்லிய வளையம் வெளிறிச் சொரசொரப்பாகத் தெரியும். அந்த இடத்திலும் மெருகுப் பூச்சு இருந்தால் சூளையில் அது உருகி, கோப்பையைச் சூளைத் தட்டோடு சேர்த்து ஒட்டிவிடும். அதனால் அங்கே மட்டும் பூச்சைத் துடைத்துவிட்டுச் சுடுகிறார்கள். மழுங்கிய காய்கறிக் கத்தியை அந்த வளையத்தின்மேல் சரியான சாய்வில் நாலைந்து தடவை இழுத்தால் சாம்பல் நிறத்தில் கோடு விழும். அது கத்தியிலிருந்து வந்த இரும்பு. ஆக, காசு கொடுத்து வாங்காமலேயே உங்கள் வீட்டில் ஒரு செராமிக் தீட்டுக்கல் இருக்கிறது.

கடையில் விற்கிற கையடக்க செராமிக் கல் இந்த வளையத்தின் தேர்ந்த வடிவம். கோப்பைக்கு மண், கல்லுக்கு அலுமினா. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அலுமினாவை நைசான பொடியாக்கி, அழுத்தி வடிவம் கொடுத்து, 1,500 டிகிரிக்கும் மேலான சூட்டில் சுடுகிறார்கள். அலுமினா உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே பொடி உருகுவதில்லை, துகளும் துகளும் ஒன்றோடொன்று பற்றி இறுகிவிடுகின்றன. பைக்கின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாகத் தெரிகிற பகுதியும் அலுமினாதான். இதே பொருள் பூமிக்கடியில் படிகமாக விளைந்தால் அதற்குப் பெயர் குருந்தம். அதில் துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தம் கிடைக்கிறது. சந்திரயானுக்காக இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்ததே, அதற்கான பாறையும் அந்த வட்டாரத்திலிருந்துதான் போனது.

குருந்தத்துக்குக் கடினத்தில் பத்துக்கு ஒன்பது மதிப்பெண். பத்து வாங்கியது வைரம் மட்டும். கத்தி எஃகு இதற்கு ரொம்பக் கீழே நிற்கிறது. எந்த எஃகுக் கத்தியாக இருந்தாலும் செராமிக் கல் அதைத் தேய்த்துவிடும், கத்தியால் கல்லை ஒன்றும் செய்ய முடியாது.

ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக ஒரு கறுப்புக் கல் கிடைக்கும். கார்போரண்டம் கல் என்பார்கள். 1890-களில் அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் உண்டாக்கிய சிலிக்கான் கார்பைடுதான் அதன் உள்ளே இருக்கிற துகள். இந்தத் தொழிலில் நம் பக்கத்துப் பழைய பெயர், 1954-இல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல். அந்த வகைக் கல்லில் தேய்க்கத் தேய்க்க மேல்துகள் உதிரும், அடியிலிருந்து புதுத் துகள் தலைகாட்டும். அதனால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் தண்ணீரோ எண்ணெயோ வேண்டும், கை அழுக்காகும், நாளாவட்டத்தில் கல்லின் நடுவே பள்ளம் விழும். செராமிக் கல்லில் துகள் உதிராது. வருஷக்கணக்கில் தேய்த்தாலும் மட்டம் மாறாது. ஊறவைக்க வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பையில் போட்டுக்கொண்டு போய், போன இடத்தில் எடுத்து அப்படியே தேய்க்கலாம். கையடக்கக் கல்லுக்கு செராமிக் பொருந்தி வருவது இதனால்தான்.

இதற்குக் கொடுக்கிற விலை, வேகம். செராமிக் கல் ரொம்ப மெதுவாகத்தான் இரும்பை எடுக்கும். வாங்கியவர்களில் பாதிப் பேர் ஏமாற்றமடைவது இங்கேதான். ஆறு மாதம் மழுங்கிக் கிடந்த கத்தியை எடுத்து, கையளவு வெள்ளைக் கல்லில் அரைமணி நேரம் தேய்த்துவிட்டு, "ஒண்ணுக்கும் ஆகாத கல்" என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். கல்லின்மேல் தப்பில்லை. இழந்த கூரை மீட்பதற்கு வந்த கல் இல்லை இது. இருக்கிற கூரை இறங்கவிடாமல் காப்பதற்கு வந்தது.

மழுங்குவது என்றால் என்ன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கத்தியின் இரண்டு சரிவுகளும் சந்திக்கிற கோடுதான் கூர். கத்தியின் வாய் என்பதும் அதைத்தான். அந்தக் கோடு சரியாக இருந்தால் அதற்கு அகலமே கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. கத்தியின் வாயை மேலே பார்க்கத் திருப்பி, டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். கூரான இடத்தில் ஒளி எதுவும் திரும்பாது. எங்கெல்லாம் வெள்ளை இழையாக மினுங்குகிறதோ அங்கெல்லாம் கோடு மடங்கியோ தேய்ந்தோ ஒரு மொட்டைப் பரப்பாகிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலான கத்திகளில் இந்த மினுக்கம் நடுவிலும் நுனியிலும்தான் இருக்கும், கைப்பிடிப் பக்கம் அப்படியே புதுசாக இருக்கும். வெட்டுப்பலகையில் மோதுகிற இடம் நடுவும் நுனியும்தானே.

தக்காளியும் கத்தரிக்காயும் இரும்பை எப்படி மழுக்கும் என்று கேட்கலாம். ஷேவிங் பிளேடை வைத்து எம்.ஐ.டி.யில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். ஜான்லூகா ரொசியோலி, ஜெம் டாசன் முதலானோரின் கட்டுரை 2020-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. முடி, பிளேடு எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மை. அப்படியிருந்தும் முடி சாய்வாக வளைந்து மோதுகிறபோது, எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடமாகப் பார்த்து, விளிம்பு துளித்துளியாகப் பெயர்ந்துவிடுகிறது. சமையலறையில் இதோடு இன்னும் சில சேர்ந்துகொள்கின்றன. எலுமிச்சையும் புளியும் பட்ட ஈரத்தோடு கிடந்தால் விளிம்பு அரிக்கும். எவர்சில்வர் தட்டில் வைத்து வெங்காயம் நறுக்குகிற வழக்கம் எல்லாவற்றையும்விட மோசம். கிரானைட் மேடையில் நேராக வைத்து வெட்டுவது அதற்கு அண்ணன்.

நம் வீடுகளில் இருக்கிற எவர்சில்வர் கத்திகள் பெரும்பாலும் மென்மையான எஃகு. விளிம்பு உடையாது, ஒரு பக்கமாக மடங்கும். இந்த வகைக்கு செராமிக் கல் மிகவும் ஏற்றது. வாரம் ஒருமுறை, சமையலுக்கு முன்னால், பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு. அவ்வளவே. கறிக்கடைக்காரர் இடையிடையே கம்பியில் கத்தியை வீசித் தேய்ப்பது இதே எண்ணத்தில்தான். ஆனால் வழவழப்பான இரும்புக் கம்பி மடங்கியதை நிமிர்த்துகிறது, செராமிக் கொஞ்சம் தேய்த்தும் எடுக்கிறது.

இனி கைவேலைக்கு வருவோம். கல்லுக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் நகராது. கல் சின்னது, கத்தி பெரியது. ஆகவே கத்தியை நேராக மட்டும் தள்ளாமல், கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனி வரை முழு வாயும் கல்லைத் தொட்டுப் போகிற மாதிரி சாய்வாக இழுக்க வேண்டும். வாய் முன்னே போக, கல்லின் மேலிருந்து ஒரு மெல்லிய தோலைச் சீவி எடுப்பது போல.

சாய்வுதான் எல்லாருக்கும் பயம். பத்தொன்பது டிகிரியா, இருபதா என்று கோணமானியை எடுக்க வேண்டாம். நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கினால் ஏறக்குறைய 15 டிகிரி, ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கினால் 20. சமையல் கத்திக்கு இந்த இரண்டுக்குள் எதுவும் சரி. சுண்டுவிரல் நுனியைக் கத்தியின் முதுகுக்கு அடியில் கொடுத்துப் பார்த்து, அந்த உயரத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள், பிறகு விரலை எடுத்துவிடுங்கள். கடையில் வாங்கியபோது இருந்த சாய்வையே பிடிக்க வேண்டுமானால், கறுப்பு மார்க்கர் பேனாவால் வாயோரமாக இரண்டு பக்கமும் தடவிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்பில் மட்டும் மை போயிருந்தால் அதிகமாகத் தூக்கிவிட்டீர்கள். மேல்பக்கம் போய் விளிம்பில் மை அப்படியே இருந்தால் தூக்கியது போதவில்லை. சரிவு முழுக்க மை போயிருந்தால் அதுதான் இடம். இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. எந்தச் சாய்வு என்பதைவிட, பிடித்த சாய்வை விடாமல் பிடிப்பதுதான் வேலை.

அடுத்தது அழுத்தம். இதில் ஒரே பேச்சுதான்: அழுத்தாதீர்கள். கல் மெதுவாக வேலை செய்கிறது என்றதும் கை தானாக அழுத்தும். அழுத்தினால் விளிம்பு இன்னும் மடங்கும், மென்மையான எஃகில் மறுபக்கம் தடித்த பிசிறு கிளம்பும். கத்தியின் கனமும் விரலின் கனமும் போதும். சத்தத்தைக் கவனியுங்கள். மழுங்கிய இடத்தில் சத்தம் கரகரவென்று விட்டுவிட்டு வரும். சீரானதும் ஒரே மெல்லிய இழையாக, காகிதம் உரசுகிற சத்தமாக மாறும்.

பிசிறு என்று சொன்னேனே, அதை விரலால் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் தீட்டுவதில் ரகசியம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால், கூர்க்கோட்டைத் தாண்டித் தள்ளப்பட்ட இரும்பு மறுபக்கத்தில் முடியைவிட மெல்லிய விளிம்பாக எழும்பும். கட்டைவிரலைக் கத்தியின் முதுகுப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக, வெளியே வழிகிற மாதிரி மெல்ல இழுத்தால் நகத்தில் லேசாகத் தட்டும். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள். கைப்பிடியிலிருந்து நுனிவரை பிசிறு தட்டுகிறது என்றால், அந்தப் பக்கச் சரிவு கோடு வரை போய்ச் சேர்ந்துவிட்டது. இனி மறுபக்கம். அங்கேயும் தட்டியதும் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, இழுப்புக்கு இழுப்பு கையை லேசாக்கிக்கொண்டே போங்கள். பிசிறு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மடங்கி மெலிந்து கடைசியில் உதிரும். இதைச் செய்யாமல் எழுந்துவிட்டால், அன்றைக்குக் கத்தி பிரமாதமாக வெட்டும், மறுநாள் காலையில் மொட்டை. பிசிறை வைத்து வெட்டிக்கொண்டிருந்தோம், அது மடங்கிவிட்டது. "தீட்டினேன், நிற்கவே மாட்டேங்குது" என்கிற புலம்பலில் முக்கால்வாசி இந்த வகை.

கடைசியில் பழைய செய்தித்தாளை நாலாக மடித்துக் கல்லின்மேல் போட்டு, இந்தமுறை வாய் பின்னே வரும்படி நாலு இழுப்பு இழுக்கலாம். சலூனில் சவரக்கத்தியைத் தோல் வாரில் தேய்ப்பது இதற்காகத்தான். சோதிப்பதற்கும் அதே தாள் போதும்: ஒரு தாளைக் கையில் தொங்கவிட்டு மேலிருந்து கத்தியை இறக்குங்கள். சிக்கிக் கிழிகிற இடத்தில் இன்னும் மொட்டை இருக்கிறது, அந்த இடத்தை மட்டும் இரண்டு இழுப்பு பார்த்தால் தீர்ந்தது. பழுத்த தக்காளித் தோலில், அழுத்தாமல் கத்தியின் கனத்திலேயே வாய் இறங்கினால் சமையலுக்கு அது தாராளம். முன்கை முடியை மழிக்கிற கூர் சாம்பாருக்குத் தேவையில்லை. வெட்டுவதற்கு முன் கத்தியைக் கழுவித் துடைத்துவிடுங்கள், இரும்புத் தூள் ஒட்டியிருக்கும்.

கையடக்கக் கல்லின் நிஜமான அருமை அரிவாள்மனையில்தான் தெரிகிறது. கத்தியைக் கல்லுக்குக் கொண்டுபோகலாம், பலகையோடு பிணைந்த அரிவாள்மனையை எப்படிக் கொண்டுபோவது? கல்தான் அதனிடம் போக வேண்டும். பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, கல்லைப் பக்கவாட்டில் பிடித்து, விரல் நுனி ஒன்றுகூடக் கல்லின் முகத்தைத் தாண்டாதபடி பின்னால் வைத்துக்கொண்டு, வளைவின் அடியிலிருந்து மேல்நோக்கி, வாயைவிட்டு விலகும் திசையிலேயே தேய்த்துப் போங்கள். வாயை நோக்கிக் கையைத் தள்ள வேண்டாம், வழுக்கினால் தையல் போடும் அளவுக்குப் போய்விடும். வளைந்த வாய்க்கு நீளக் கல்லைவிடக் குட்டைக் கல்லே வாகு. கதிர் அறுக்கிற அரிவாளுக்கும் இதே முறைதான்.

"தெருவில் சாணை பிடிக்கிறவர் வருகிறாரே, அவரிடம் கொடுத்தால் ஆகாதா?" தாராளமாகக் கொடுக்கலாம். வாய் பெயர்ந்த கத்திக்கும், வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்ட அரிவாள்மனைக்கும் அவர்தான் கதி. ஆனால் சக்கரம் ஒரே தடவையில் நிறைய இரும்பைத் தின்னும். விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது, பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீர் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். நல்ல கைக்காரர் சொல்லாமலே செய்வார். அவரிடம் சரிசெய்துகொண்டு, அதற்குப் பிறகு செராமிக்கில் காத்துவந்தால் அடுத்தமுறை அவரைத் தேட நெடுநாள் ஆகும்.

இரண்டு வேலைக்கும் ஒரே கல் வேண்டுமென்றால் இருமுகக் கல் இருக்கிறது. ஸ்வீடனின் வடக்கே பூடன் என்ற ஊரில் இருக்கிற ஃபால்க்னிவன் செய்யும் டிசி4 இதில் பேர்பெற்றது. நீளம் 10 சென்டிமீட்டர், அகலம் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு தோல் உறையில் சட்டைப்பையில் அடங்கும். ஒரு முகத்தில் 25 மைக்ரான் வைரத்துகள், மறுமுகத்தில் செராமிக். வைர முகத்தில் கூரை உண்டாக்கி, செராமிக் முகத்தில் முடிப்பது. வைர முகம் புதிதில் முரட்டுத்தனமாகக் கடிக்கும், சில தடவைக்குப் பிறகு நிதானத்துக்கு வரும். அங்கேயும் அழுத்தக் கூடாது, அழுத்தினால் துகள் பிடுங்கிக்கொள்ளும். ஒரே ஒரு கல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், வெறும் செராமிக்கைவிட இந்த மாதிரி இருமுகத்துக்கே என் ஓட்டு.

வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். ஜப்பானியத் தண்ணீர்க் கற்கள் சிலவற்றிலும் 'செராமிக்' என்று போட்டிருக்கும். அவை துகளைப் பிசினிலோ வேறு பிணைப்பிலோ சேர்த்தவை, தண்ணீர் கேட்பவை, தேய்பவை. நல்ல கற்கள்தான், ஆனால் நாம் பேசுவது முழுக்கச் சுட்டு இறுகிய கல்லை. இன்னொன்று, வெள்ளை வெளேரென்ற செராமிக் கத்தி. அது ஜிர்கோனியா. அதைத் தீட்ட இந்தக் கல் உதவாது, வைரம்தான் வேண்டும். கத்தியைச் செருகி இழுக்கிற V வடிவச் சாதனத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அதில் கார்பைடு அலகு இருந்தால் அது தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. நாலு ரூபாய்க் கத்திக்குப் பரவாயில்லை.

கல்லைக் கழுவாமல் விடுவதுதான் மிச்சமிருக்கிற ஒரே குற்றம். கத்தியிலிருந்து வந்த இரும்பு கல்லின் நுண்துளைகளில் அடைந்து கறுப்புக் கோடுகளாகப் படியும். துகள் உதிராத கல் என்பதால் அது தானாகப் போகாது. கறுப்பு ஏற ஏற, கத்தி கல்லின்மேல் கடிக்காமல் வழுக்கும். பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டு, நைலான் நாரால், ஈரத்தோடு வட்டவட்டமாகத் தேய்த்தால் பழைய வெள்ளை வந்துவிடும். லேசான கறைக்குப் பென்சில் அழிக்கிற ரப்பரே போதும். எண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அழுக்கை உள்ளே பிடித்துக்கொள்ளும்.

தேயாத கல் உடையும் கல்லாகவும் இருக்கிறது. டைல்ஸ் தரையில் ஒருமுறை கைதவறினால் இரண்டு துண்டு. துணியில் சுற்றிக் கத்தியிருக்கிற டிராயரிலேயே வையுங்கள். எடுத்து வைத்த இடம் தூரமாக இருந்தால் அந்த வாராந்தர நாலு இழுப்பு நடக்காது. உடைந்தே விட்டாலும் குப்பையில் போட வேண்டாம், உடைந்த பக்கம் கையைக் கிழிக்கும் என்பதால் அதில் டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். அரிவாள்மனைக்கு அந்தத் துண்டே தாராளம்.